அந்தம்மா பிடித்த தலை

மாமல்லபுரம்
19-8-2003

அன்புள்ள வேண்டாவுக்கு,

கோதண்டராமன் எழுதுவது. நீ உன் அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாய் என்பது அச்சரப்பாக்கம் போன் பூத்துக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். "உங்க வூட்டம்மா பேச மாட்டேன்னு சொல்ட்டாங்க சார், என்னை இன்னா பண்ணச் சொல்றீங்க" என்றார். கடைசியில் அவருக்கே பேஜாராகிவிட்டது. அதனால்தான் கடிதம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம், தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என்ன பெரிதாக நடந்துவிட்டது? சனிக்கிழமை காலையில் வெளியே போய்விட்டு வந்தேன். நீ வழக்கம்போல மணையைப் போட்டு, எண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தோடு நின்றாய். நான் சொன்னது ஒரே வார்த்தை. "இன்னிக்குத் தலைய அழுத்தித் தேய்க்கக் கூடாதாம், அந்தம்மா சொன்னாங்க." எந்தம்மா என்று கேட்டாய். மதுவந்தி அம்மா என்றேன். அடுத்த நிமிஷம் கிண்ணம் தரையில், நீ பையோடு வாசலில். உன் பின்னால் ஓடிவரப் போய் அந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தேன். முட்டி வீங்கிக் கிடக்கிறது. அதையும் தெரிந்துகொள்.

மதுவந்தி அம்மா ஒத்தவாடைத் தெருவில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து வைத்தியம் பார்க்கிறவர். மெட்ராஸ்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வெள்ளைக்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஒருநாள் ஏர்போர்ட்டிலிருந்து வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். "கழுத்தை ஒரு பக்கமாவே வச்சுட்டு ஓட்டறீங்களே, தலைவலி உண்டா?" என்று கேட்டார். நான் சொல்லாமலே கேட்டாரே என்று ஆச்சரியம். செங்கல்பட்டு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, கழுத்து எலும்பு தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தது உனக்கே தெரியும். அதைப் போட்டால் தூக்கம் வருகிறது. டிரைவர் தூங்கலாமா? அதனால் போனேன், வலியும் விட்டது. கிரேனியோ சேக்ரல் என்று அந்த வைத்தியத்துக்குப் பெயர். மறைக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊர் சிரிக்க வைக்காதே. வந்துவிடு.

கோதண்டராமன்

*

அச்சரப்பாக்கம்
22-8-2003

மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை ஒத்தவாடைத் தெருவில் விசாரித்துக்கொள்கிறேன். உங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அங்கேதானே தெரியும்.

முட்டிக்குத் தைலம் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. அதற்கும் அவள் வருவாள் என்றால் அலமாரியைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

மறைக்கவில்லை, சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதற்கு முந்தின சனிக்கிழமைகளில் என்ன நடந்தது? அவள் கை பட்ட தலையைக் கொண்டுவந்துதான் என் முன்னால் மணையில் உட்கார்ந்தீர்களா? நானும் முட்டாள் மாதிரி அதன்மேல் எண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்தேனா? இதை நினைத்தால் எனக்குக் கை எரிகிறது மாமா, சத்தியமாக எரிகிறது.

பதினோரு வருஷமாக என் கை பிடித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு பார்த்து, நெற்றிப்பொட்டிலிருந்து பிடரி வரைக்கும். தலைவலி போகவில்லை. அவள் வந்து தொட்டாள், போய்விட்டது. என் கையில் என்ன முள்ளா முளைத்திருக்கிறது?

கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்வாளா? படுக்க வைப்பாளா, உட்கார வைப்பாளா? கதவு சாத்தியிருக்குமா? என்ன எண்ணெய்? எவ்வளவு நேரம்? அவ்வளவு நேரமும் என்ன பேசுவீர்கள்? அவள் கை தலையில் இருக்கும்போது உங்கள் கண் எங்கே இருக்கும்?

லோகநாயகி அண்ணி என் காதுபடவே அண்ணனிடம் சொல்கிறாள், "புள்ள இல்லாத வூட்ல ஆம்பள இப்டித்தான் வெளிய சுத்துவான்" என்று. அவள் போடும் சோற்றில் கை வைத்துக்கொண்டு அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரால் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேண்டா

*

மாமல்லபுரம்
26-8-2003

அன்புள்ள வேண்டாவுக்கு,

கேள்விக்குக் கேள்வி பதில் எழுதுகிறேன். இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் ஸ்டியரிங் என் கையில் நிற்காமல் போகட்டும்.

சட்டையைக் கழற்றுவதில்லை. போட்ட பேண்ட், போட்ட சட்டையோடு மல்லாக்கப் படுக்க வேண்டும். சாவி, சில்லறை, சீப்பு எல்லாவற்றையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்குமே, அந்த மாதிரி உயரமான மேஜை, மேலே மெத்தை தைத்தது. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை. கதவு சாத்தியிருக்கும், தாழ் கிடையாது. வெளியே வரலட்சுமி என்று ஒரு பெண் நோட்டில் பேர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எண்ணெய் இல்லை, நெட்டி முறிப்பது இல்லை, ஊசி இல்லை.

முதலில் கேள்விதான். எப்போதாவது விழுந்தீர்களா, தலையில் அடிபட்டதா, பிரஷர் உண்டா என்று. பிறகு அவரே சொன்னார், "இதுல தீர்ந்துடும்னு நான் சொல்ல மாட்டேங்க. சிலருக்கு இதமா இருக்கு, சிலருக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க" என்று. ஆளைப் பிடித்துப் போடுகிறவள் இப்படியா பேசுவாள்?

எங்கே தொட்டாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். முதலில் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். அப்புறம் முதுகெலும்பு முடிகிற இடத்துக்கு அடியில் ஒரு கை. கடைசியில் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பின்மண்டையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொள்வார். அழுத்துவதே இல்லை, ஒரு ரூபாய்க் காசு வைத்த மாதிரி இருக்கும். தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் உள்ளே ஒரு தண்ணீர் மெதுவாக ஏறி இறங்குமாம், அதைக் கையால் கவனிக்கிறாராம். எனக்கு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, தெருவில் கல் செதுக்குகிற சத்தம்தான் கேட்டது. ஒரு மணி நேரம் ஆகும். பேச்சே கிடையாது. என் கண் மூடியிருக்கும். முடிந்ததும் மெதுவாக எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், உடனே வண்டியை எடுக்கக் கூடாது. அன்றைக்குத் தலையைச் சும்மா விட வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்பாய். முதல் தடவை தூங்கிவிட்டேன். இரண்டாம் தடவை, தலையைப் பிடித்திருக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்றே தெரியவில்லை. வழிந்து காதுக்குள் போனது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை, தேம்பிவிட்டேன். அவர் "வரட்டும், பரவால்ல" என்றார். கையை எடுக்கவில்லை. எழுந்தபோது தலை லேசாக இருந்தது.

உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். இனி உனக்குச் சந்தேகத்துக்கு இடம் இல்லை. எப்போது வருகிறாய்?

கோதண்டராமன்

*

அச்சரப்பாக்கம்
29-8-2003

மாமாவுக்கு,

சந்தேகம் தீர்ந்துவிட்டது. வயிறுதான் எரிகிறது.

காலைப் பிடித்தாளாம், தலையை ஏந்தினாளாம். சரி, வைத்தியம் என்று அதைக்கூட விட்டுவிடுகிறேன். அழுதீர்களாமே.

உங்கள் அப்பா போனபோது வீடு முழுக்க அழுதது. மார்க்கெட்டில் அவரோடு வேலை செய்தவர்கள்கூட அழுதார்கள். நீங்கள் பந்தல்காரனிடம் நாற்காலி போதுமா என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகாவது என் பக்கம் திரும்பி அழுவீர்கள் என்று காத்திருந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். டாக்டர் என்னிடம் இனிமேல் பிள்ளைக்கு வழியில்லை என்று சொன்ன அன்றைக்கு நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். சரி, இவருக்கு அழுகை வராது, ஆளே அப்படி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வருமாம். அவளிடம் வருமாம். போன மாசம் பழக்கமானவள் கையில், பக்கத்து அறையில் ஒருத்தி நோட்டில் பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது, தேம்பித் தேம்பி வருமாம்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மூடி மறைக்க எனக்குத் தெரியாது. நீங்கள் அவளோடு சினிமாவுக்குப் போனீர்கள் என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அந்த அழுகை எனக்குச் சேர வேண்டியது. எடுத்துக்கொண்டு போய் அங்கே கொட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் திருவேங்கடம் அண்ணன் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு அங்கே வருவதாக இருக்கிறார். ரெண்டில் ஒன்று பேசி முடித்துவிடலாம் என்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வேண்டா

*

மாமல்லபுரம்
2-9-2003

வேண்டாவுக்கு,

உன் அண்ணனை வரச் சொல்லாதே. நமக்குள் இருப்பதை மூன்றாம் ஆள் வந்து பேசி முடித்தால் அது முடிந்தே போய்விடும்.

நான் இனி அந்தம்மாவிடம் போவதில்லை. போன சனிக்கிழமை போகவில்லை, திங்கட்கிழமை திண்டிவனம் தாண்டுவதற்குள் மண்டை பிளந்தது. ஓரம் கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பார்ட்டி சத்தம் போட்டார்கள். இருக்கட்டும், வலித்தால் என் தலைதானே.

ஆனால் நீ இவ்வளவு எழுதிய பிறகு நானும் ஒன்று எழுதுகிறேன். நீ தலையைத் தேய்க்கும்போது ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டு தேய்த்திருக்கிறாயா? பால்காரன், வீட்டுக்காரன், லோகநாயகி சொன்னது, நான் சொல்லாதது, எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பாய். உன் கை நல்ல கைதான். அதில் எப்போதும் ஒரு கோபம் இருக்கும். மண்டையில் இறங்கும். எழுந்து ஓடவும் முடியாது, எண்ணெய் கண்ணில் வழியும். அந்தம்மா கையில் ஒன்றும் இல்லை. அவருக்கு என்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அதனால்தான் தூக்கம் வந்தது. அழுகையும் அதனால்தான் வந்திருக்கும்.

எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. நாளைக்குத் தஞ்சாவூர், ராமேஸ்வரம் டிரிப். வர பன்னிரண்டாம் தேதி ஆகும். அதுவரை அண்ணனை நிறுத்தி வை.

கோதண்டராமன்

*

அச்சரப்பாக்கம்
11-9-2003

மாமாவுக்கு,

அண்ணன் வரவில்லை. நான்தான் வந்தேன், நேற்று, புதன்கிழமை. நீங்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரைக்கும் அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைவிட அழகு ஒன்றும் இல்லை. கிராப்பு வெட்டின தலை, பாதி நரை, மூக்குக்கண்ணாடி. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நேராக உள்ளே போய், "நான் கோதண்டராமன் வூட்டம்மா. அவரு உங்ககிட்ட இன்னாத்துக்கு அழுதாரு?" என்று கேட்டேன். அவள் பதறவில்லை, உட்காருங்கள் என்றாள். "அதை அவர்கிட்டதாம்மா கேக்கணும்" என்றாள். "எங்கிட்ட சொல்லலையே" என்றேன். "எங்கிட்டயும் சொல்லல" என்றாள். எனக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "படுத்துப் பாருங்க, பிடிக்கலைன்னா சொல்லுங்க, கைய எடுத்துடறேன்" என்றாள். படுத்தேன் மாமா. திட்ட வந்தவள் திட்டப்பட வேண்டியவள் மேஜையில் ஏறிப் படுத்தேன்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. பாதம், இடுப்பு, தலை. எனக்குத் தூக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை, மூக்குதான் அரித்தது. தண்ணீர் ஏறுவதாவது இறங்குவதாவது, அதை அவள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று. என் தலையின் கனத்தை வேறு யாரோ சுமந்துகொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்துக்கு நான் எதையும் தாங்க வேண்டியதில்லை என்று இருந்தது. இப்படி எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இருந்ததே இல்லை. எழுந்ததும் அவள் ஒன்று கேட்டாள். "உங்களுக்கு யாரும்மா தலை பிடிச்சு விடுவாங்க?" வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானே வைத்து, நானே தேய்த்து, நானே ஊற்றிக்கொள்கிறேன். பிடரிக்குக் கை எட்டாது.

வரும்போது பஸ்ஸில் அதே வயிற்றெரிச்சல்தான். ஆனால் இப்போது அவள்மேல் இல்லை. உங்கள்மேல். உங்கள் தலைக்கு என் கை, என் கை போதாதென்று அவள் கை. ஒரு தலைக்கு நாலு கை. என் கையில் கோபம் இருக்கிறது என்று எழுதினீர்கள். இருக்கும். இனியும் இருக்கும்.

நான் புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் வருகிறேன். நீங்கள் மணையில் உட்கார வேண்டாம். பாயைப் போடுங்கள், நான் படுக்கிறேன். நீங்கள் என் தலைமாட்டில் உட்கார்ந்து என் தலையைப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது, பேசக் கூடாது, ஹாரன் சத்தம் கேட்டு எழுந்து ஓடக் கூடாது. ஒரு மணி நேரம். அன்றைக்குத் திருப்பதி போக வேனுக்கு அடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த நாளைச் சொல்கிறேன். உங்களால் முடியாது என்றால் இப்போதே எழுதுங்கள், அண்ணனிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன்.

வேண்டா

*

மாமல்லபுரம்
22-9-2003

அன்புள்ள வேண்டாவுக்கு,

நேற்றுக் காலை நீ காப்பியைக் குடித்துவிட்டு "யோசிச்சு சொல்றேன்" என்று மட்டும் சொல்லி பஸ் ஏறினாய். நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ தூங்கிவிட்டதால் சனிக்கிழமை நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

நீ கண் அசந்த கொஞ்ச நேரத்தில் வண்டி ஓனர் கண்ணாயிரம் அண்ணன் வந்துவிட்டார். நான் வர முடியாது என்று வெள்ளிக்கிழமையே சொல்லியும் நம்பவில்லை. வாசலிலிருந்தே சத்தம். "ஆளுங்க வேன்ல குந்திகினு கீறாங்க, நீ இன்னா அண்ணாத்த வூட்டுக்குள்ள பண்ணிகினு கீற?" பேசக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், நான் பேசவில்லை. ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். நீ பாயில், நான் உன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் பார்த்தார், நான் பார்த்தேன். "வூட்டம்மாக்கு உடம்பு சரியில்லையா" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். வேறு டிரைவரைப் போட்டு வேனை அனுப்பிவிட்டாராம். ஸ்டாண்டில் இன்றைக்குப் பூரா என்னைப் பற்றித்தான் பேச்சு. பேசட்டும்.

கால் மரத்து, இடுப்பு விட்டுப் போய்விட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை. கிளம்பும்போது நீ, "கைக்கு ஏதாவது தெரிஞ்சுதா" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். தெரிந்தது. வாயில் வரவில்லை.

உன் இடது காதுக்குப் பின்னால், முடிக்குள், நகத்தளவுக்கு ஒரு வடு இருக்கிறது. தையல் போட்ட வடு, தடிப்பாக இருக்கிறது. எனக்கு அது தெரியாது வேண்டா. கூடவே படுத்து, கூடவே எழுந்து, இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது. சின்னப் பிள்ளையில் விழுந்தாயா, யாராவது அடித்தார்களா, நம் கல்யாணத்துக்குப் பிறகா, ஒன்றும் தெரியாது. அதைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது இன்னொன்று உறைத்தது. பத்தாம் தேதி அந்தம்மா உன் தலையைப் பிடித்தாரே. அவர் விரல் அங்கே பட்டிருக்கும். என் பெண்டாட்டி தலையில் இருக்கும் வடு எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

உனக்கு வயிறு எரிகிறது என்று எழுதினாயே, அது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. சோறு இறங்கவில்லை. அது எப்படி வந்தது என்று எனக்கு எழுது. அவரிடம் சொல்லியிருந்தால் அதையும் எழுது, தாங்கிக்கொள்கிறேன்.

கோதண்டராமன்

*

அச்சரப்பாக்கம்
25-9-2003

மாமா,

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், யாரும் எங்கேயும் வர வேண்டியதில்லை என்று. சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் துணிமணியோடு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், பை கனமாக இருக்கும்.

அந்த வடுவைப் பற்றிக் கடிதத்தில் எழுத மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது. அந்தம்மாவும் விரல் பட்டதும் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

வேண்டா